பாட்டிலின் மேல் எடுத்த நேரத்தை எழுதி அனுப்புங்கள்

இந்த வருடம் பயிற்சி மருத்துவர்களாக வார்டுக்கு வந்திருக்கும் டாக்டர்களுக்கும், அவர்களோடு நின்று சாம்பிள் எடுக்கும் வார்டு சிஸ்டர்களுக்கும்,

வணக்கம்.

நான் காவிரிப் படுகையில் ஓர் அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீசியன். வேலைக்குச் சேர்ந்து 29 வருடம் ஆகிறது; ஓய்வுக்கு இன்னும் சில மாதங்கள்தான். சிறுநீர், முதுகுத்தண்டு நீர், நெஞ்சில் கட்டிய நீர், வயிற்றில் கோத்த நீர், மூட்டில் சேர்ந்த நீர் என்று உடம்பிலிருந்து எடுக்கக்கூடிய எல்லா நீரும் என் மேசைக்கு வந்திருக்கிறது. உங்களில் பலரை நான் நேரில் பார்த்ததே இல்லை. சிட்டில் உங்கள் கையெழுத்தைத்தான் பார்த்திருக்கிறேன். அதை வைத்தே இது எந்த வார்டு, எவ்வளவு அவசரத்தில் எழுதியது என்று ஓரளவு சொல்லிவிடுவேன். ஆனால் அந்த பாட்டிலில் இருப்பதை எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்பது மட்டும் எனக்குத் தெரிவதே இல்லை. அந்த ஒன்றைக் கேட்டுத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் இத்தனை பெரிய கடிதம் என்று நினைக்கலாம். ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால், ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலை. எட்டு மணிக்கு லேபைத் திறந்தேன். டிரேயில் இரண்டு சி.எஸ்.எஃப்., அதாவது முதுகுத்தண்டு நீர், டியூப்கள் இருந்தன. கையில் எடுத்ததும் சில்லென்று இருந்தது. கண்ணாடியின் வெளிப்புறம் பனி பூத்திருந்தது. சிட்டில் நாலு வயதுப் பையனின் பெயர், காய்ச்சல், வலிப்பு என்று இரண்டு வார்த்தை, கீழே “சி.எஸ்.எஃப். அனாலிசிஸ், கல்ச்சர்”. நேரம் எழுதவில்லை. கொண்டுவந்தவரைக் கேட்டேன். “நைட்டே எடுத்தாச்சும்மா. கெட்டுப் போயிடக் கூடாதுன்னு ஃப்ரிட்ஜுல வச்சிருந்தாங்க” என்றார்.

அந்த நாளில் எங்கள் லேபில் இரவுப் பணி கிடையாது. வைத்தவர் அக்கறையோடுதான் வைத்திருந்தார். சிறுநீரைக் குளிரில் வைக்கலாம், ரத்தத்தைக் குளிரில் வைக்கலாம், அப்படியானால் இதையும் வைக்கலாம் என்று நினைத்திருப்பார். யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை.

செல் எண்ணும் கண்ணாடியான நியூபாவர் சேம்பரில் ஏற்றி எண்ணினேன். 18 செல். பெரும்பாலும் லிம்ஃபோசைட், வைரஸ் நோயில் மேலோங்கும் வெள்ளையணு. நடுநடுவே ஓரம் கலைந்து, உள்ளே இருந்தது கரைந்துபோய், ஈரச் சுவரில் படிந்த கறை போலச் சில உருவங்கள் தெரிந்தன. அவற்றை எண்ணிக்கையில் சேர்க்க முடியாது. கிருமியைக் காட்டும் கிராம் சாயத்தில் எதுவும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரிலும் எதுவும் வளரவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அந்தத் தாளைப் பார்த்து, வைரஸால் வந்ததாக இருக்கலாம் என்ற பக்கம் சிகிச்சை சாய்ந்தது.

மூன்றாம் நாள் பையனுக்கு மறுபடி முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். இந்த முறை ஒரு ஹவுஸ் சர்ஜன் டியூபைக் கைக்குள் பொத்திக்கொண்டு படியிறங்கி ஓடிவந்தார். எடுத்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. டியூபில் உடம்புச் சூடு மிச்சமிருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் அரிசி கழுவிய தண்ணீரின் மங்கல். நூற்றுக்கணக்கில் செல், அத்தனையும் நியூட்ரோஃபில், பாக்டீரியா நோயில் பெருகும் வெள்ளையணு. கிராம் சாயத்தில் இரண்டிரண்டாக ஒட்டி நிற்கும் நிமோகாக்கஸ் பாக்டீரியா.

பையன் பிழைத்தான். இரண்டு காதும் கேட்காமல் போயிற்று.

அந்த ஃப்ரிட்ஜால்தான் காது போனது என்று நான் சொல்ல மாட்டேன். பாக்டீரியா மூளைக்காய்ச்சல் எவ்வளவு நல்ல சிகிச்சை கொடுத்தாலும் காதை எடுத்துக்கொண்டு போகும் நோய். ஆனால் மூன்று நாள் போனது. நான் கொடுத்த ரிப்போர்ட்டில் 18 செல் என்று இருந்ததே தவிர, அந்த நீர் ராத்திரி முழுக்கக் குளிரில் இருந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. கொண்டுவந்தவர் வாய்மொழியாகச் சொன்னது எனக்குத் தெரியும். நான் அதை எழுதவில்லை. எழுதுவதற்கு அந்தத் தாளில் இடமும் இல்லை, அந்தப் பழக்கமும் எனக்கு இல்லை. அதற்குப் பிறகு இன்றுவரை எழுதாமல் விட்டதில்லை.

அந்த டியூபுக்குள் ராத்திரி என்ன நடந்தது என்று சொல்கிறேன். முதுகுத்தண்டு நீரில் புரதம் மிகக் குறைவு. நியூட்ரோஃபில்கள் அதற்குள் அதிக நேரம் தாங்காது. அறை வெப்பத்திலேயே ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உடைந்துபோகும். இரண்டு மணி நேரத்தில் பாதி இருக்காது. லிம்ஃபோசைட்டுகள் இவ்வளவு சீக்கிரம் உடைவதில்லை. அதனால் நேரம் ஆக ஆக எண்ணிக்கை குறைவதோடு, மிஞ்சியதில் லிம்ஃபோசைட் மேலோங்கிக் காட்டும். பாக்டீரியா நோய், வைரஸ் நோயின் முகத்தோடு என் லென்ஸுக்குக் கீழே வந்து நிற்கும். மெனிங்கோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் போன்ற கிருமிகள் குளிரைத் தாங்காமல் செத்துப்போகும். நிமோகாக்கஸ் தானாகவே சிதையும் குணமுள்ளது. கல்ச்சரில் எதுவும் வளராததற்குக் காரணம் கிருமி இல்லாததும் ஆகலாம், வழியிலேயே செத்துப்போனதும் ஆகலாம். தட்டைப் பார்த்து எது என்று என்னால் சொல்ல முடியாது. மணி தெரிந்தால் சொல்ல முடியும்.

அதனால் சி.எஸ்.எஃப். எடுத்தால் ஃப்ரிட்ஜ் பக்கமே போக வேண்டாம். அறை வெப்பத்தில், கையோடு, உடனே. டியூப்களுக்கு 1, 2, 3 என்று எடுத்த வரிசையில் எண் போடுங்கள். ஊசி குத்தியதில் ரத்தம் கலந்திருந்தால் முதல் டியூபில் சிவப்பாக இருந்து மூன்றாவதில் வெளிறிவிடும். மூளைக்குள்ளேயே கசிந்த ரத்தம் என்றால் மூன்றும் ஒரே நிறமாக இருக்கும். எண் இல்லாமல் மூன்று டியூப் வந்தால் இந்தத் தகவல் அப்படியே தொலைந்துபோகிறது. செல் எண்ணுவதற்கு மூன்றாவதைத்தான் எடுப்போம்.

இன்னொன்றும் அதே நேரத்தோடு கட்டியது. முதுகில் ஊசி போடுவதற்குச் சற்று முன்னால் ரத்தச் சர்க்கரைக்கும் ஒரு டியூப் எடுத்துவிடுங்கள். முதுகுத்தண்டு நீரில் சர்க்கரை, ரத்தத்தில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். சி.எஸ்.எஃப். சர்க்கரை 60 என்று நான் எழுதினால் தாளில் அது நார்மலாகத் தெரியும். அந்த ஆள் சர்க்கரை நோயாளி, அதே நேரத்தில் ரத்தத்தில் 300 என்றால், அந்த 60 பயப்பட வேண்டிய 60. மறுநாள் காலை வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தோடு அதை ஒப்பிட்டுப் பயனில்லை.

நாங்கள் வேண்டுமென்றே காக்க வைக்கும் ஒரு சந்தர்ப்பம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். காசநோய் மூளைக்காய்ச்சல் என்று சந்தேகம் இருந்தால், எண்ண வேண்டியதை எண்ணி, செய்ய வேண்டியதையெல்லாம் செய்த பிறகு, மிச்சமிருக்கும் டியூபை ஆட்டாமல் அசைக்காமல் நிற்க வைப்போம். மறுநாள் காலையில் சில சமயம் மேற்பரப்பிலிருந்து கீழே ஒரு மெல்லிய வலை தொங்கும். சிலந்தி வலை என்றுதான் அதற்குப் பெயர். மூச்சுப் பட்டாலே சுருங்கிவிடுமோ என்று தோன்றும் அளவுக்கு நொய்மையானது. அதை லூப்பால் மெதுவாகத் தூக்கி ஸ்லைடில் பரப்பிச் சாயம் ஏற்றினால், நீரில் தேடிக் கிடைக்காத காசநோய்க் கிருமி அந்த வலையில் சிக்கியிருப்பதைச் சில வேளை பார்க்கலாம். அதற்கும் எனக்கு மணி தெரிய வேண்டும். எத்தனை மணி நேரம் நின்றது என்று தெரியாமல் வலை விழவில்லை என்று எப்படிச் சொல்வது?

இனி சிறுநீருக்கு வருகிறேன். அன்றாடம் அதிகமாக வருவது அது. அதிகமாக அலட்சியப்படுத்தப்படுவதும் அதுதான். “யூரின் ரொட்டீன்” என்று எழுதுகிறீர்களே, அந்த ரொட்டீன் என்ற வார்த்தையே அதன் மதிப்பைக் குறைத்துவிட்டதோ என்று எனக்கு ஒரு மனக்குறை உண்டு.

காலை ஆறரைக்கு வார்டில் பிடித்து, ஜன்னல் திண்டில் வரிசையாக வைத்து, டிரிப் மாற்றி, ரவுண்ட்ஸ் முடிந்து, ஆள் கிடைத்து, லேபுக்கு வந்து சேரும்போது பத்தரை. சித்திரை மாதத்து ஜன்னல் வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஈ.கோலி போன்ற கிருமிக்கு நல்ல சூடும் உணவும் கிடைத்தால் இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் இரண்டாகும். அந்தக் கணக்கில் ஒன்று, நாலு மணி நேரத்தில் 4,096. பிடிக்கும்போது தோலிலிருந்து தெரியாமல் விழுந்த நாலைந்து கிருமி, என் மேசைக்கு வரும்போது பெரிய கூட்டமாக வந்து சேரும். சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் ஸ்ட்ரிப்பில், கிருமிக்கு அடையாளமான நைட்ரைட் பாசிட்டிவ் காட்டும். நோய்த்தொற்றே இல்லாத பெண்ணுக்கு ஆன்டிபயாடிக் போகும்.

கிருமி பெருகுவது ஒரு பக்கம். கிருமிகளில் சில யூரியாவை உடைத்து அமோனியா ஆக்கும். அந்த மூக்கைத் துளைக்கும் வாடை அதனால்தான். சிறுநீர் காரத்தன்மைக்கு மாறும். அதில் சிவப்பணு வெடித்து வெறும் வளையமாக நிற்கும், வெள்ளையணு கரையும், சிறுநீரகக் குழாயில் உருவாகி வரும் காஸ்ட் கரைந்து காணாமல் போகும். இருந்த குளுக்கோஸைக் கிருமி தின்றுவிடும். கீட்டோனில் ஆவியாகக்கூடியது ஆவியாகிவிடும். மஞ்சள் காமாலைக்காரரின் பிலிரூபின் வெளிச்சம் பட்டே பச்சைக்கு மாறி, பரிசோதனையில் அகப்படாது. ஒரே பாட்டிலில், இல்லாத நோய் முளைத்திருக்கும், இருந்த நோய் மறைந்திருக்கும்.

மறையாமல் வந்த ஒன்றையும் சொல்ல வேண்டும்.

புறநோயாளிப் பிரிவிலிருந்து பதினோரு வயதுப் பெண். காலையில் எழுந்தால் முகம் ஊதியிருக்கிறது என்று அம்மா கூட்டிவந்திருந்தார். சிட்டில் வழக்கமான யூரின் ரொட்டீன். ஆனால் அன்று ஓ.பி.யில் இருந்த டாக்டரம்மா, பாட்டிலில் “9.40” என்று மார்க்கர் பேனாவால் எழுதி, அம்மாவின் கையிலேயே கொடுத்து, நேரே லேபுக்குப் போங்கள் என்று அனுப்பியிருந்தார். என் கைக்கு வந்தது 9.52-க்கு. நிறம் பால் விடாத கடுங்காப்பி.

பத்து மில்லியை டியூபில் ஊற்றி, ஐந்து நிமிடம் சுற்றவிட்டேன். மேலே இருந்ததைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, அடியில் தங்கிய அரை மில்லியை விரலால் தட்டிக் கலக்கி, ஒரு சொட்டை ஸ்லைடில் விட்டு, குமிழ் விழாமல் கவர் ஸ்லிப்பைச் சாய்த்து இறக்கினேன். கண்டென்சரைக் கீழே இறக்கி வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். காஸ்ட் கிட்டத்தட்ட கண்ணாடி போல இருக்கும், வெளிச்சம் கூடினால் ஒளிந்துகொள்ளும். சிறிய லென்ஸில் கவர் ஸ்லிப்பின் ஓரத்தையொட்டியே போனேன், அவை ஓரங்களில் ஒதுங்கும் என்பதால். சிவப்பணுக்கள் ஏராளம். மூன்றாவது ஓரத்தில் அது இருந்தது. செங்கல் நிறத்தில் ஒரு சின்ன உருளை, இரு பக்கமும் இணையான கோடு, ஒரு முனை மழுங்கி. பெரிய லென்ஸுக்கு மாற்றினேன். உருளைக்குள் முழுக்கச் சிவப்பணு, மூட்டைக்குள் நெல் அடைத்தது போல.

காஸ்ட் என்றால் வார்ப்பு. சிறுநீரகத்தின் நுண்குழாய்க்குள் டாம்-ஹார்ஸ்ஃபால் என்ற புரதம் உறைந்து, அந்தக் குழாயின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு வெளியே வருவது. டாம், ஹார்ஸ்ஃபால் என்ற இருவர் 1950-இல் பிரித்தெடுத்த புரதம் அது. எங்கள் பக்கத்தில் சுவாமிமலை இருக்கிறது. மெழுகு உருகிப்போன கூட்டுக்குள் ஐம்பொன்னை ஊற்றி, கூட்டை உடைத்தால் உள்ளே இருந்த வடிவம் வெளியே வரும். இதுவும் அதேதான், குழாய்க்குள் என்ன இருந்ததோ அது அச்சில் பதிந்து வரும். உள்ளே சிவப்பணு இருந்தால், ரத்தம் கலந்தது கல்லாலோ மூத்திரப்பையிலிருந்தோ இல்லை, வடிகட்டும் இடத்திலேயே காயம் என்று அர்த்தம்.

உடனே ஓ.பி.க்கு போன் போட்டேன். டாக்டரம்மா பெண்ணின் காலைப் பார்த்தார். மூன்று வாரத்துக்கு முன்னால் வந்து ஆறிய சிரங்குத் தழும்புகள். ரத்த அழுத்தம் அந்த வயதுக்கு மிக அதிகம். அன்றே படுக்கையில் சேர்த்தார்கள். சிரங்குக் கிருமிக்கு எதிராக உடம்பு செய்த போரில் சிறுநீரகம் புண்பட்டிருந்தது. பெண் குணமாகி வீட்டுக்குப் போனாள். அந்த பாட்டில் பன்னிரண்டரைக்கு வந்திருந்தால் சிவப்பணு இருக்கிறது என்று எழுதியிருப்பேன். காஸ்ட் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான். 9.40 என்ற எழுத்தைப் பார்த்துதான் அன்று வேறு வேலையை நிறுத்திவிட்டு அதை முதலில் எடுத்தேன். புதிதாக வந்த சிறுநீர் என்று தெரிந்தால் எந்த டெக்னீசியனும் காஸ்ட் தேடுவார். எப்போது எடுத்தது என்றே தெரியாததில் தேட மனம் வராது.

இது இன்றைக்கு வந்த விதி என்று நினைக்க வேண்டாம். நம் சித்த மருத்துவத்தில் தேரையர் சொன்ன நீர்க்குறி, நெய்க்குறி உங்களுக்குத் தெரிந்திருக்கும். நல்லெண்ணெய்ச் சொட்டு சிறுநீரின் மேல் பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாக வளைந்தால் பித்தம், முத்தாக நின்றால் கபம் என்று சொல்லும் முறை. எண்ணெயின் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன்னால் அவர் வைத்த நிபந்தனைகளை யாரும் நினைவில் வைப்பதில்லை. முந்தின நாள் அளவோடு உண்டு உறங்கியவரின் நீராக இருக்க வேண்டும். வைகறையில் பிடிக்க வேண்டும். கண்ணாடிக் கலத்தில் பிடிக்க வேண்டும். ஒரு முகூர்த்தத்துக்குள் பார்த்துவிட வேண்டும். சித்த மருத்துவத்தில் அந்த முகூர்த்தம் மூன்றே முக்கால் நாழிகை, அதாவது ஒன்றரை மணி நேரம். இன்று எங்கள் பாடப்புத்தகம் ஒரு மணி, அதிகம் போனால் இரண்டு மணி என்கிறது. எண்ணெய்ச் சொட்டை நான் நம்புகிறேனா என்பது வேறு பேச்சு. நேரத்தைப் பற்றி அவர் சொன்னதை வணங்குகிறேன்.

லண்டனில் ரிச்சர்ட் பிரைட் 1827-இல் சிறுநீரக நோயைப் பற்றி எழுதியபோது செய்த பரிசோதனையும் இப்படித்தான். ஒரு கரண்டியில் சிறுநீரை எடுத்து மெழுகுவத்தியில் காட்டுவார். புரதம் இருந்தால் முட்டை வெள்ளைக்கரு போலத் திரியும். நோயாளியின் பக்கத்திலேயே செய்துவிடலாம். படுக்கைக்கும் பரிசோதனை மேசைக்கும் நடுவே இத்தனை தாழ்வாரமும் இத்தனை படியும் வந்தது பிற்பாடுதான். அந்தத் தூரத்தை என்னால் குறைக்க முடியாது. எவ்வளவு நேரம் ஆனது என்று தெரிந்தால், கிடைத்த விடையை எந்த அளவுக்கு நம்பலாம் என்று உங்களுக்குச் சொல்ல முடியும்.

நேரமே பரிசோதனையாக இருந்த காலம் ஒன்று எனக்கு நினைவில் இருக்கிறது. கும்பகோணத்தைச் சுற்றி யானைக்கால் நோய் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த நோய். பயிற்சியில் இருந்தபோது இரவு ரத்தம் எடுக்கும் குழுவோடு போயிருக்கிறேன். அந்த நோயைத் தரும் புழுவின் குஞ்சான மைக்ரோஃபைலேரியா பகலில் நுரையீரலுக்குள் ஒதுங்கிக்கொள்ளும். இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரைதான் விரல் நுனி ரத்தத்தில் நிறைய ஓடும். டார்ச் அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய், தூங்கிக்கொண்டிருப்பவர்களை எழுப்பி, மன்னிப்புக் கேட்டுக் குத்துவோம். ஸ்லைடில் முதலில் எழுதுவது மணி. பகல் மூன்று மணி என்று எழுதியிருந்தால், புழு இல்லை என்ற விடைக்கு அர்த்தமே இல்லை என்று அன்று கூட வந்த ஆயாவுக்கும் தெரியும். அதே புழுவால் நிணநீர் கலந்து பால் போல வெளுத்த சிறுநீரோடு இன்றும் எப்போதாவது ஒரு வயலாள் வந்து நிற்பார். அந்தப் பால் சிறுநீரில்தான் அந்தப் புழுவையே 1866-இல் பிரேசிலில் வூஹெரெர் என்ற மருத்துவர் கண்டார். 1872-இல் கல்கத்தாவில் டிமோதி லூயிஸ் அதை ரத்தத்தில் கண்டார். அப்படி ஒரு சிறுநீர் வந்தால் சும்மா ரொட்டீன் என்று அனுப்பாமல், பால் போல இருக்கிறது, இத்தனை மணிக்கு எடுத்தது என்று இரண்டு வார்த்தை எழுதுங்கள்.

மற்ற நீர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயிற்றில் கோத்த நீரை எடுத்தால், செல் எண்ணுவதற்கு ஊதா மூடி போட்ட ஈ.டி.டி.ஏ. டியூபில் கொஞ்சம் தாருங்கள். வெறும் டியூபில் அது உறைந்து, செல்லெல்லாம் கட்டிக்குள் மாட்டிக்கொள்ளும். ஒரு கன மில்லிமீட்டருக்கு நியூட்ரோஃபில் 250-ஐத் தொட்டால் கல்ச்சர் வரும்வரை நீங்கள் காத்திருக்க மாட்டீர்கள் என்பதால் அந்த எண் சரியாக இருக்க வேண்டும். கல்ச்சருக்குப் பத்து மில்லியை நோயாளியின் பக்கத்திலேயே ரத்தக் கல்ச்சர் பாட்டிலில் ஏற்றிவிடுங்கள். சும்மா டியூபில் அனுப்புவதைவிட அதில் கிருமி வளர வாய்ப்பு மிக அதிகம். வயிற்று நீரானாலும் நெஞ்சு நீரானாலும் அதே நாள் ரத்தம் கூட வர வேண்டும். நெஞ்சு நீருக்கு ரிச்சர்ட் லைட் என்ற மருத்துவர் 1972-இல் வகுத்த அளவுகோல் முழுக்க முழுக்க ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். நேற்றைய ரத்தமும் இன்றைய நீரும் ஒரே உடம்பின் ஒரே நேரம் ஆகாது.

விந்துப் பரிசோதனைக்கு வரும் கணவன்மார்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் குழந்தை இல்லை என்று ஊரார் வாயில் விழுந்து, மனைவியை மட்டும் நாலு இடம் காட்டிய பிறகு வருபவர்கள். தலை நிமிராமல் நிற்பார்கள். வீட்டிலிருந்து கொண்டுவா என்று மட்டும் சொல்லி அனுப்பினால், மஞ்சள் பையில் போட்டு, இரண்டு பஸ் மாறி, மூன்று மணி நேரம் கழித்து வந்து நீட்டுவார். அதற்குள் ஓடும் அணுக்களில் பல நின்றிருக்கும். அவர் கையில் வாழ்நாளுக்கும் ஒரு தவறான தாளைக் கொடுப்பதா? ஒரு மணி நேரத்துக்குள் வர வேண்டும், வெயிலிலும் வைக்கக் கூடாது குளிரிலும் வைக்கக் கூடாது, சட்டைப் பைக்குள் உடம்போடு ஒட்டிக் கொண்டுவரட்டும். வீடு தூரம் என்றால் இங்கேயே ஒரு தாழ்ப்பாள் உள்ள அறையைக் காட்டுங்கள். இதையெல்லாம் கூட்டத்துக்கு நடுவே உரக்கச் சொல்லாமல், ஓரமாக அழைத்துச் சொல்லுங்கள்.

சொல்லும் விதம் என்றதும் எங்கள் பிரசவ வார்டில் இருந்த ஒரு சிஸ்டர் நினைவுக்கு வருகிறார். மாசமாக இருக்கும் பெண்ணிடம் வெறும் பாட்டிலை நீட்டி “புடிச்சிட்டு வாம்மா” என்று அவர் சொன்னதே இல்லை. “முன்னாடி பின்னாடி தண்ணி ஊத்தி நல்லா கழுவிக்கோ. மொதல்ல கொஞ்சம் கீழ போக விடு. நடுவுல வர்றத மட்டும் பாட்டில்ல புடி. கடைசில வர்றதும் வேணாம். மூடிய உள்பக்கமா தொடாத தாயி” என்று கை காட்டிச் சொல்வார். அவர் வார்டிலிருந்து வரும் சிறுநீரில், வெளிப்புறத்திலிருந்து உதிர்ந்து கலக்கும் எபிதீலியல் செல் குவிந்து நான் பார்த்ததில்லை. வெள்ளைப்பாடு கலந்த சிறுநீரில் புரதம் தெரிந்தால் கர்ப்ப காலத்து ரத்த அழுத்த நோயோ என்று ஒரு குடும்பமே கலங்கிப்போகும். அந்த அரை நிமிடப் பேச்சு அந்தக் கலக்கத்தைத் தவிர்த்தது. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் சொன்ன முறையை யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

வார்டில் ஸ்ட்ரிப் வைத்திருக்கும் சிஸ்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பட்டையை எடுத்ததும் மூடியை இறுக்கிவிடுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் திறந்து கிடந்த ஸ்ட்ரிப் நிறம் மாறிப் பொய் சொல்லும். மூடிக்குள் இருக்கும் அந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் வேலைச் சுமை எனக்குத் தெரியாதது இல்லை. முப்பது மணி நேரம் தூங்காமல், ஒரு கையில் கேஸ் ஷீட்டும் ஒரு கையில் ஆறிப்போன டீயுமாக நீங்கள் தாழ்வாரத்தில் போவதைப் பார்த்திருக்கிறேன். மூன்று வார்டுக்கு ஓர் அட்டெண்டர். அவர் ஒருவரே ஆக்சிஜன் சிலிண்டரும் தள்ள வேண்டும், சாம்பிளும் கொண்டுவர வேண்டும். தாமதமே ஆகக் கூடாது என்று நான் கேட்கவில்லை. ஆகும். ஆனதை எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். சிட்டில் அதற்கென்று கட்டம் இல்லாவிட்டால் மேல் மூலையில் எழுதுங்கள். சிட்டும் பாட்டிலும் பிரிந்துபோவதுண்டு என்பதால் பாட்டிலிலும் எழுதுங்கள். மூடியில் எழுத வேண்டாம், மூடி மாறும். சிறுநீர் உடனே வர முடியாது என்று முன்பே தெரிந்தால் ஃப்ரிட்ஜில் வைத்து, ஃப்ரிட்ஜில் வைத்தது என்று எழுதி அனுப்புங்கள். குளிரில் உப்புப் படிந்து கலங்கி வரும். காரணம் தெரிந்தால் நான் குழம்ப மாட்டேன்.

எங்கள் பக்கத்தில் நாங்கள் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். வந்து சேர்ந்த மணியை நாங்கள் எழுதுவோம். ரிப்போர்ட்டில் “எடுத்து இத்தனை மணி நேரம் கழித்துப் பெறப்பட்டது” என்று ஒரு வரி இருக்கும். அது உங்கள் மேல் புகார் இல்லை. அந்த எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதுவது. நேரம் தப்பிய சிறுநீரைத் திருப்பி அனுப்பினால் கோபிக்க வேண்டாம், நோயாளியால் இன்னொரு முறை தர முடியும். முதுகுத்தண்டு நீரை மட்டும் நாங்கள் ஒருநாளும் திருப்ப மாட்டோம். ஒரு குழந்தையை நாலு பேர் பிடித்து வளைத்து, அது அலறியதைக் கேட்டுக்கொண்டே எடுத்த நீர் அது. எந்த நிலையில் வந்தாலும் முடிந்ததைச் செய்து, குறையையும் எழுதித் தருவோம். காஸ்ட், கிருமி, காசநோய் வலை என்று எது கண்ணில் பட்டாலும் தாளுக்காகக் காத்திராமல் போன் செய்வோம். அதற்காகச் சிட்டில் உங்கள் வார்டு போன் எண்ணையும் எழுதினால் நல்லது.

இப்போது இரவிலும் லேபில் ஆள் உண்டு. கதவு சாத்தியிருக்கலாம், உள்ளே சென்ட்ரிஃப்யூஜ் ஓடும் சத்தத்தில் நீங்கள் கூப்பிடுவது கேட்காமல் போகலாம். டியூபைப் படிக்கட்டிலோ ஜன்னலிலோ வைத்துவிட்டுப் போகாதீர்கள். பலமாகத் தட்டுங்கள், திறக்கும் வரை தட்டுங்கள்.

அன்புடன்,
லேப் டெக்னீசியன் ஒருவர்,
காவிரிப் படுகை